புடவை கிழிந்தால் கதை இல்லை, ஜாக்கெட் ஏறாவிட்டால் உண்டு

நீங்கள் கேட்டது இது: வெப் சீரீஸ் ஒன்றுக்கு அரை மணி நேரக் காமெடி எபிசோட் எழுதுகிறீர்கள். இடம் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மணப்பெண்ணின் முகூர்த்தப் புடவை கிழிந்துபோகிறது, வீடே அமர்க்களப்படுகிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' என்கிற அமெரிக்கக் காமெடித் தொடரில் 2001-இல் வந்த மலிவு விலைக் கவுன் எபிசோட்தான் உங்களுக்கு மாதிரி. இது நம்புகிறபடி இருக்கிறதா, நிஜத்தில் கடைசி நேரத்தில் எது கெடும், மாப்பிள்ளை பக்கம் சின்னதாக ஒரு கிளைக்கதை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில், துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். திரைக்கதை எனக்குத் தெரியாது. கல்யாண ஜாக்கெட் எந்தெந்த வழியில் காலை வாரும் என்பது நன்றாகத் தெரியும்.

முதலில் அந்தக் கிழிசலை எடுத்துவிடுங்கள். நாலு அத்தைமார் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் அந்த இடத்திலேயே சேனலை மாற்றிவிடுவார்கள். பட்டுப்புடவை என்றால் 5.5 மீட்டர். அதில் எங்கே கிழிந்தாலும் ஒளித்துவைக்க இடம் இருக்கிறது. கொசுவத்துக்குள் போகும், இல்லையென்றால் இடுப்புச் செருகலில் போகும். முந்தானையிலேயே கிழிந்தால்கூட ஒரு மடிப்பைச் சேர்த்து வைத்துப் பின் குத்தினால் தீர்ந்தது. கறை பட்டாலும் இதே வைத்தியம்தான். புடவையே காணாமல் போனாலும் சித்தி பீரோவில் அதே அரக்கு நிறத்தில் ஒன்று நிச்சயமாக இருக்கும். அதற்கு அளவு என்று ஒன்று கிடையாது, ஆயா கட்டினதைப் பேத்தி கட்டலாம். ஆகவே புடவைக்கு வரும் ஆபத்து பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. உங்களுக்கு விளம்பரம் போக 22 நிமிஷம் தாங்க வேண்டும்.

அந்த ஃப்ரெண்ட்ஸ் எபிசோட் அங்கே ஓடுவதற்குக் காரணம் வேறு. பெரிய கடையில் பார்த்து ஆசைப்பட்ட கவுனை மணப்பெண் மோனிகா மலிவு விலைக் கடையில் தேடிப் போகிறாள், அதே கவுனுக்கு இன்னொரு மணப்பெண்ணும் மல்லுக்கு நிற்கிறாள், கடைசியில் மாப்பிள்ளை ஆசைப்பட்ட பாட்டுக்குழு கிடைக்கட்டும் என்று இவள் கவுனை விட்டுக்கொடுக்கிறாள். அங்கே உடுப்பைத் தேடுவது, ஆசைப்படுவது, சண்டை போடுவது, விடுவது எல்லாம் மணப்பெண் ஒருத்தியே. நம் பக்கம் பல வீடுகளில் முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. கடைக்குப் போவது இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் நிறைய. பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதை நாலாவதோ ஐந்தாவதோ ஆளாகத்தான் கேட்பார்கள், அதுவும் பில் போடப் போகும்போது. அந்தக் கடைக் காட்சி தனி எபிசோடுக்குக் காணும், இதில் திணிக்காதீர்கள். ஆனால் புடவை மாப்பிள்ளை வீட்டுச் சொத்து என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கப் போகிறது.

மணப்பெண்ணின் உடம்புக்கென்றே நம் கல்யாணத்தில் அளவெடுத்துத் தைப்பது ஜாக்கெட் ஒன்றுதான். அதுவும் முகூர்த்தப் புடவையோடு சேர்த்து நெய்து வருகிற துணி, கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். அதை வெட்டித் தைத்துக் கெடுத்துவிட்டால் மறுபடி அதே துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. எம்.சி. ரோட்டில் மேட்சிங் சென்டர்கள் இருக்கின்றன, எந்த நிறம் சொன்னாலும் எடுத்துப் போடுவார்கள். நிறம் சேரும், புடவையின் ஜரிகைக் கரை சேராது. கையில் அந்தக் கரை இல்லாத முகூர்த்த ஜாக்கெட்டை எந்தச் சம்பந்தியம்மாவும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் துணி எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்தால் கதை தானாக வரும். முதலில் டெய்லர் துணியில் அளவு குறிப்பார். கை, கழுத்து எங்கே வரும் என்று கோடு போட்டு ஆரி ஒர்க்குக்கு, அதாவது கொக்கி ஊசியால் கல்லும் மணியும் வைத்துப் போடுகிற எம்பிராய்டரிக்கு, அனுப்புவார். ஆரி போடுகிறவர்கள் பலரும் வீட்டிலேயே சட்டம் கட்டி வேலை செய்கிற பெண்கள், வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ இருப்பார்கள். அங்கிருந்து திரும்பி வந்த பிறகுதான் வெட்டித் தைப்பது. தைத்து முடித்தால் ஹெம்மிங்குக்கும் ஹூக் கட்டவும் இன்னொரு வீட்டுக்குப் போகும். அப்புறம் அயர்ன். "ஹூக் மட்டும்தான்மா பாக்கி" என்று நாங்கள் சொல்லும்போது ஜாக்கெட் இதில் எந்த வீட்டிலும் இருக்கலாம், இன்னும் வெட்டாமலும் இருக்கலாம். ஒரு சலுகையாக இந்தத் தொழில் ரகசியத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

இடையில் ஊர் வேறு இருக்கிறது. ஆரி வீட்டிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு பெண்ணின் தம்பி பைக்கில் வருகிறான் என்று வைத்தால், கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிடுவார்கள். கூட்ஸ் வண்டி போகும், அது போனதும் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும், கேட் திறக்காது. திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வருகிறவன் என்றால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டுவான். கதையைக் கார்த்திகை முகூர்த்தத்தில் வைத்தால் மழையும் சேரும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் கார்த்திகைக் கடைசி முகூர்த்தங்களில் எல்லாரும் முண்டுவார்கள், மழையும் அப்போதுதான் வெளுத்து வாங்கும். 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, திருவொற்றியூரிலிருந்து வருகிற தம்பி அதில் ஏறியிருந்தால் எப்போதோ வந்திருப்பான். அவன் பைக்கைத்தான் எடுப்பான். தம்பிகள் அப்படித்தான்.

ஆனால் தாமதம் மட்டும் ஒரு எபிசோடுக்குப் போதாது. ஜாக்கெட் வந்து சேர வேண்டும், வந்தபின் ஏறக் கூடாது. அதற்குக் காரணங்கள் பல. எனக்குப் பிடித்தது அளவு ஜாக்கெட் மாறிப்போவது. அளவெடுக்க நேரில் வர முடியாத பெண் அம்மாவிடம் அளவு ஜாக்கெட் கொடுத்து அனுப்புவாள். அந்த அம்மா பீரோவில் மடித்து வைத்ததில் கைக்கு அகப்பட்டதைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் இரண்டு பெண்கள். தைத்து, கல்லும் மணியும் மின்ன வந்த ஜாக்கெட் தங்கைக்கு அச்சடித்த மாதிரி பொருந்தும். அக்காவுக்குப் பின்னால் ஹூக் சேராது, விளிம்பு மூன்று அங்குலம் விலகி நிற்கும். தங்கை கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள், யாருக்கும் அவளைத் திட்டவும் முடியாது. இந்த ஒரு காட்சியில் சிரிப்பு, வயிற்றெரிச்சல், பயம் மூன்றும் இருக்கிறது.

வேறு வழி வேண்டும் என்றால், நலங்கில் மஞ்சள் பட்ட ஜாக்கெட்டை நல்லெண்ணத்தோடு ஓர் அத்தை தண்ணீரில் அலசிவிடுகிறார். பட்டுக்கு ஒன்றும் பெரிதாக ஆகாது. உள்ளே வைத்த காட்டன் லைனிங், தைப்பதற்கு முன்னால் ஊறவைத்துக் காயப்போடாத துணியாக இருந்தால், சுருங்கிவிடும். மேல் துணி அப்படியே இருக்க, உள்துணி இழுக்க, ஜாக்கெட் முழுவதும் சுருக்கம் சுருக்கமாகக் கிளம்பும். ஊறவைக்காதது டெய்லர் குற்றம், அலசினது அத்தை குற்றம், மஞ்சள் பூசினது மாமன் பெண் குற்றம். பழி சுற்றிச் சுற்றி வரும்படி எழுதலாம். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் பெண் ஜிம்முக்குப் போய் இளைத்துவிட்டாள் என்பது எல்லாரும் எழுதுவது. லூஸான ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்க அரை மணி நேரம் போதும், அதில் ஆபத்தே இல்லை. டைட் ஆனால்தான் ஆபத்து.

இது எப்போது தெரியவருகிறது என்பது முக்கியம். முந்தின நாள் மாலை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை மூன்று மணி என்று மாற்றுங்கள். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்றால் பியூட்டிஷியன் மூன்று மணிக்கே வந்து எல்லாரையும் எழுப்புவார். முகம், தலை எதையும் தொடுவதற்கு முன்னால் "ஜாக்கெட்டைப் போட்டுட்டு உட்காரும்மா" என்பார். ஜடையும் பூவும் வைத்த பிறகு ஜாக்கெட் மாற்றினால் இவருடைய வேலை கலைந்துவிடும் என்பது கணக்கு. ஆக, முதல் தடவையாகப் போட்டுப் பார்ப்பதே அப்போதுதான். ஏன் முன்னாலேயே போட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு, ரிசப்ஷன் மேடையில் பெண் நிற்கும்போதுதான் ஜாக்கெட்டே மண்டபத்துக்கு வந்தது. இதைவிட இயல்பான காரணம் இந்த ஊரில் கிடையாது.

மண்டபத்தில் வைப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நீங்கள் செட் செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாடியில் மணமகள் அறை, கீழே மணமகன் அறை, நடுவில் படிக்கட்டு. கதை முழுக்க இவ்வளவுதான். மணமகள் அறையில் ஒரே ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் ஏழெட்டுப் பேர், ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதில் யாரோ ஒருவருடைய போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பியூட்டிஷியனுக்கு ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் போட வேண்டும், அத்தைக்கு அயர்ன் பாக்ஸ் போட வேண்டும். இதை நீங்கள் சண்டையாக எழுதவே வேண்டாம், தானாக வரும்.

இப்போது டெய்லரைக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு போன் போட்டால் எடுக்கமாட்டாள், மூன்று மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து வருகிற போன் எதற்கென்று அவளுக்குத் தெரியும். யாராவது ஆட்டோ எடுத்துப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். வந்தவள் என்ன செய்வாள் என்பதைத் தப்பில்லாமல் காட்டுங்கள், பாதி காமெடிகளில் தையல்காரர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு கையை ஆட்டுவதோடு சரி.

அவள் முதலில் ஜாக்கெட்டை உட்புறம் திருப்புவாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் கால் அங்குல இடைவெளியில் தையல்கள் இணையாக ஓடியிருக்கும். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைப்பது. உடம்புப் பக்கம் இருக்கிற தையலைப் பிளேடு முனையால் நாலைந்து கண்ணுக்கு ஒன்றாக அறுத்து நூலை இழுப்பாள். அதற்கு அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம் கிடைக்கும். பிரித்த இடத்தில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும், பட்டில் நகத்தால் தேய்த்து ஈரத்துணி போட்டு அழுத்தினால் முக்கால்வாசி மறைந்துவிடும். இன்னொரு தையலையும் பிரித்தால் இன்னும் ஓர் அங்குலம். அதற்குமேல் துணி முடிந்துவிடும். கை வேறு இருக்கிறது. கையின் தையலும் பக்கவாட்டுத் தையலும் ஒரே ஓட்டமாகப் போகிறவை, ஆரி போட்ட கையைப் பிரிக்கவே முடியாது. ஏனென்றால் தையல் ஓடுகிற இடத்தில் இருக்கிற மணிகளை முதலிலேயே உடைத்துவிட்டுத்தான் தைப்போம், இல்லாவிட்டால் மெஷின் ஊசி ஒடியும். பிரித்தால் அந்த இடம் மொட்டையாகத் தெரியும். ஆகவே கையில் கைவைக்காமல் அக்குளுக்குக் கீழே மட்டும் வேலை பார்ப்பாள். மெஷின் வேண்டும் என்று ஆள் ஓடுகிற காட்சி வைக்காதீர்கள், இதையெல்லாம் கையாலேயே பின்தையல் போட்டு முடிக்கலாம்.

கணக்கு பாருங்கள். மூன்று அங்குலம் குறைகிறது, இரண்டு கிடைத்துவிட்டது, ஒன்று பாக்கி. உங்கள் எபிசோடின் உயிர் இந்த ஓர் அங்குலத்தில் இருக்கிறது.

அந்த ஓர் அங்குலத்துக்கு அக்குளில் ஒட்டுத்துணி வைக்க வேண்டும். வெட்டின மிச்சம் இருக்காது, நீளக் கை வைத்ததிலேயே 80 சென்டிமீட்டரும் தீர்ந்துவிட்டது. அதே நிறம், அதே பட்டு இருக்கிற இடம் உலகத்தில் இன்னும் ஒன்றுதான்: புடவை. இடுப்பில் முதலில் செருகுகிற முனையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்தால் போதும். யார் கண்ணுக்கும் தெரியாது, கட்டுவதற்கும் குறையாது. நாங்கள் இப்படி எடுப்பது உண்டு.

ஆனால் அந்தப் புடவை யாரிடம் இருக்கிறது? கீழே, மாப்பிள்ளை அறையில், தாம்பாளத்தில் பழம் பாக்கு மஞ்சளோடு. ஜாக்கெட் துணியை மட்டும் முன்னாலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, புடவையை முகூர்த்த நேரத்தில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்து தட்டோடு கொடுக்கிற வீடுகள் இங்கே நிறைய. அதை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் ஐயர் இரண்டு தடவை "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்பார். அந்தப் புடவையில், தாலி ஏறுவதற்கு முன்னால், கத்தரி வைக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாவிடம் போய் யார் கேட்பது? இதுதான் நீங்கள் தேடுகிற காட்சி. பெண்ணின் அம்மா போகமாட்டார். அப்பாவை அனுப்புவார். அப்பா பாதிப் படியில் நின்று, மாமனைக் கூப்பிடுவார். மாமன் கீழே போய் "காபி வந்துச்சா சம்பந்தி?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ஆள் மாறி ஆள் போய், ஒருவரும் கேட்காமல் வருவதை நாலு நிமிஷம் நீட்டலாம். ஒவ்வொருவர் போய் வரும்போதும் கீழே சந்தேகம் ஒரு படி ஏற வேண்டும். பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா, பெண் மாடியில் இருக்கிறாளா இல்லையா என்கிற அளவுக்கு.

கடைசியில் யார் கேட்பது என்பதில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு, எடுத்துக்கொள்வது உங்கள் இஷ்டம். டெய்லரே கீழே போகட்டும். அவளுக்கு இழக்க ஒன்றுமில்லை, மிச்சக் கூலி வேறு வர வேண்டும். "அம்மா, உங்க புடவையில மூணு விரல் வேணும்." மொத்த அறையும் திகைக்கும். கல்யாணப் புடவையில் கத்தரியா, அபசகுனம் இல்லையா என்று மாப்பிள்ளையின் பெரியம்மா ஆரம்பிப்பார். அதற்கு டெய்லர் சொல்லக்கூடிய ஒரே பதில் நியாயமானது: ஜாக்கெட் துணியை இதே புடவையிலிருந்து கத்தரி வைத்து வெட்டினதும் உங்கள் வீட்டில்தானே, அன்றைக்கு யாரும் சகுனம் பார்க்கவில்லையே. சம்பந்தியம்மா என்ன செய்வார் என்பதை நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவரை வில்லியாக்க வேண்டாம். இந்த மாதிரி நேரத்தில் பொதுவாக அவர்கள்தான் முதலில் கத்தரியைத் தேடுவார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஜாக்கெட் ஏறாமல் நின்றவர்கள்.

துணி கிடைக்கவே இல்லை என்று முடிக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. பின்னால் ஹூக்கை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் நூல் வளையம் கட்டி, நடுவே நாடா கோத்து இழுத்துக் கட்டிவிடலாம், உள்ளே லைனிங் துணியில் ஒரு பட்டி வைத்து. மேலே முந்தானையும் மாலையும் ஜடையும் விழுந்தபின் அது ஃபேஷன் என்றே நினைப்பார்கள். போட்டோ பார்த்துவிட்டு அடுத்த மாதம் யாராவது வந்து "அந்தக் கல்யாணத்துல போட்ட மாதிரி பின்னாடி நாடா வெச்சுத் தைங்க" என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

உங்கள் வரைவில் இன்னொன்று உறுத்தியது. வடசென்னை என்றதும் இரண்டு ரவுடி, ஒரு பட்டாக்கத்தி, ஒரு கானா பாட்டு வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்தக் கதைக்கு வேண்டிய வடசென்னை, கேட்டில் நிற்கிற கூட்டமும், எம்.சி. ரோட்டில் ராத்திரி வரை பேரம் பேசுகிற அம்மாக்களும், பேச்சிலேயே ஊரை வித்து வருகிற மாமனும்தான். பேச்சையும் கொஞ்சம் பாருங்கள். எல்லாரும் "இன்னா", "வந்துகினு கீது" என்று பேச மாட்டார்கள். ஆயாவும் ஆட்டோக்காரரும் பேசலாம். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற மணப்பெண் அப்படிப் பேசினால் அவள் வேண்டுமென்றே கிண்டலுக்குப் பேசுகிறாள் என்று அர்த்தம், அதை அப்படியே பயன்படுத்துங்கள். டெய்லரை எல்லாரும் "அக்கா" என்பார்கள், அவள் எல்லாரையும் "மா" என்பாள், வயது பார்க்கமாட்டாள். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் "அண்ணி" என்று கூப்பிடட்டும். கோபம் வரும்போது அது "சம்பந்தி" ஆகும், பார்க்கிறவர்களுக்கு அதுவே போதும்.

கவுன்தான் வேண்டும், அதை விட மனசில்லை என்றால் கதையை ராயபுரத்துக்கோ பெரம்பூருக்கோ நகர்த்துங்கள். ராயபுரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, பெரம்பூரில் ரயில்வே வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். கவுனோ வெள்ளைப் புடவையோ, சர்ச் கல்யாணத்தில் இரண்டும் உண்டு. சௌகார்பேட்டை மார்வாடி வீடு என்றால் லெஹங்கா, அதன் எடை ஒன்றே தனிக் காமெடி. ஆனால் இவற்றில் மாமியார் புடவையில் கத்தரி வைக்கிற காட்சி கிடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை விடமாட்டேன்.

மாப்பிள்ளை கிளைக்கதைக்கு வருகிறேன். பட்டு வேட்டி அவிழ்வது பழைய ஜோக், இப்போது ஒட்டிக்கொள்கிற வேட்டி வந்தபின் அதற்கு வேலையும் இல்லை. ரிசப்ஷன் கோட்டைப் பிடியுங்கள். புதுக் கோட்டின் பாக்கெட்டை வாய் சேர்த்துத் தைத்தே அனுப்புவார்கள், வடிவம் கெடாமல் இருக்க. வாங்கினவர் அந்தத் தையலைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை கோட் போடுகிற பையனுக்கு இது தெரியாது. மேடையில் மோதிரம் மாற்றுகிற நேரம், பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்து, கை குலுக்க வருகிறவர்களுக்காக நண்பனிடம் கொடுத்து, நண்பன் பந்திக்குப் போய்விடுகிறான். போய்த் தேடிக் கொண்டுவந்தபின் "பாக்கெட்ல வைக்கிறதுக்கென்னடா?" என்று கேட்டு, பாக்கெட்டே இல்லை என்று இவன் சொல்ல, நண்பன் பைக் சாவியால் தையலைக் குத்திக் கிழிக்கிறான். தையலோடு உள் லைனிங்கும் சேர்ந்து கிழிகிறது, மோதிரம் அந்த ஓட்டை வழியாகக் கோட்டின் அடி விளிம்புக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் விடியற்காலை டெய்லர் ஒட்டுத்துணி கேட்டுக் கீழே வரும்போது, மாப்பிள்ளை அறையில் கோட்டைத் தலைகீழாகப் பிடித்து நாலு பேர் உதறிக்கொண்டிருப்பார்கள். "அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க" என்பான் அவன். அவளிடம் பிளேடு இருக்கிறது, அவர்களிடம் புடவை இருக்கிறது. பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.